அளவு எடுக்காத கவுன்

அந்தத் தெருவில் அவளுக்கு ஒரேதடவை அக்கா என்று பெயர். துணியைக் கொடுத்தால் ஒரே தடவை அளவு எடுப்பாள், ஒரே தடவை வெட்டுவாள். வாங்கிக்கொண்டு போனவர்கள் மறுபடி வந்து இங்கே பிடிக்கிறது, அங்கே தொங்குகிறது என்று நின்றதாகச் சரித்திரமே கிடையாது. மற்ற கடைகளில் போட்டுப் பார்க்க ஒரு நாள், திருத்த ஒரு நாள் என்று இழுத்தடிப்பார்கள். அக்காவுக்கு அந்தப் பேச்சை எடுத்தாலே மூக்கு விடைக்கும். "அளவு எடுக்கத் தெரியாதவங்கதான் ட்ரையல் பார்ப்பாங்க" என்பாள். கடை மூலையில் திரை போட்ட சின்ன அறை ஒன்று இருந்தது உண்மைதான். அதில் அவள் வீட்டுக்காரர் ஓட்டைக் குடைகளையும் ஓடாத மின்விசிறியையும் போட்டு வைத்திருந்தார்.

கை அவ்வளவு நிதானம், மனசு மட்டும் நேர்மாறு. அடுப்பை அணைத்தோமா, கடையைப் பூட்டினோமா என்று பாதி வழியில் திரும்பி ஓடி வருகிற ரகம் அவள். வீட்டுக்காரர் பாவம், அவள் பின்னாலேயே திரும்பி நடந்து நடந்து நல்ல நடைப்பயிற்சி செய்தவராகிவிட்டார். "இவளுக்குக் கவலைப்பட ஒண்ணும் இல்லேன்னா, அதுக்கே கவலைப்படுவா" என்று வாடிக்கைக்காரர்களிடம் சொல்லிச் சிரிப்பார்.

இப்படிப்பட்டவள் போய், நாளெல்லாம் பயத்தோடு வாழ்கிற பெண்களுக்கு உதவும் வேலையில் சேர்ந்தாள் என்றால் யார் நம்புவார்கள்? ஆனால் சேர்ந்தாள். காரணம் ஒரு பள்ளிக்கூட ஆசிரியை. கொளுத்துகிற வெயில் காலத்தில் வந்து முழுக்கை வைக்கச் சொன்னவள். அடுத்த முறை கழுத்துப் பட்டையை உயர்த்தச் சொன்னாள். அதற்கடுத்த முறை இன்னும் கொஞ்சம். அளவு நாடா கழுத்தைச் சுற்றும்போது அவள் கண்களை இறுக மூடிக்கொள்வாள். ஒரு கட்டத்தில் அவள் வருவது நின்றுபோனது. தைத்து வைத்த உடுப்பு நெடுநாள் கம்பியில் தொங்கியது. அதை யாருக்கும் கொடுக்கவும் அக்காவுக்கு மனம் வரவில்லை, பார்க்கவும் முடியவில்லை.

மருந்துக்கடைக்கு மேலே ஒரு மாடி இருந்தது. வாசலில் பலகை கிடையாது. உள்ளே இரண்டு அறைகள். ஒன்றில் போன், மேசை, நாற்காலிகள். மற்றதில் மெத்தை, குழந்தைகளுக்குப் பொம்மைகள், எந்த நேரமும் எடுத்துக்கொண்டு கிளம்பத் தயாராகக் கட்டி வைத்த பைகள். வீட்டுக்குள்ளேயே அடிவாங்கும் பெண்களுக்காகத் தெருக்காரர்கள் சிலர் சேர்ந்து நடத்தும் இடம் அது. போனை எடுப்பது, ஆஸ்பத்திரிக்குத் துணை போவது, கிளம்பி வருகிறவர்களைப் பத்திரமான இடத்தில் சேர்ப்பது இதெல்லாம் வேலை. பொறுப்பில் இருந்தவர் ஓய்வுபெற்ற நர்ஸ். எல்லோருக்கும் நர்ஸம்மா.

நர்ஸம்மா முதல் நாளே சொன்னார். "போனை எடுத்தா நம்ம பேரைச் சொல்லாதீங்க. ‘ஹலோ, சொல்லுங்க’, அவ்வளவுதான். கட் ஆயிடுச்சுன்னா காத்திருங்க. நாம திருப்பிக் கூப்பிடவே கூடாது. அந்தப் பக்கம் யார் கையில போன் இருக்குன்னு நமக்குத் தெரியாது. அப்புறம் ஒண்ணு, கிளம்பறதா இருக்கறதான்னு முடிவு பண்றது அவங்கதான். நாம கதவைத் திறந்து வைக்கலாம், பிடிச்சு இழுக்கக் கூடாது."

அக்கா தலையாட்டினாள். கேட்டதெல்லாம் அவளுக்கு மனப்பாடம். மனப்பாடமாகத் தெரிந்த ஒன்றைத்தான் ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் அவள் மீறினாள்.

செவ்வாய்க்கிழமைகள் அவள் முறை. நர்ஸம்மா கீழே மருந்துக்கடைக்குப் போயிருந்தார். போன் அடித்தது.

"ஹலோ, சொல்லுங்க."

"இது... அந்த இடம்தானே?" ஒரு பெண். மூச்சை அடக்கிக்கொண்டு பேசுகிற குரல்.

"ஆமாம்மா. இப்ப பேச முடியுமா உங்களால?"

"கொஞ்ச நேரம்தான். நான் வந்து..."

அந்தப் பக்கம் ஒரு கதவு திறந்தது. ஏதோ கீழே விழுந்து உடைந்தது. போன் அணைந்துவிட்டது.

அக்கா காத்திருந்தாள். உட்கார்ந்து காத்திருந்தாள், எழுந்து காத்திருந்தாள், ஜன்னலுக்குப் போய் வந்தாள். விழுந்து உடைந்தது தட்டா, டம்ளரா, அந்தப் பெண்ணேதானா? கம்பியில் தொங்கிய அந்த உயரக் கழுத்து உடுப்பு கண்முன் வந்து நின்றது. போனில் எண் தெரிந்தது. விரல் தானாகப் போய் அழுத்திவிட்டது என்று பிற்பாடு நர்ஸம்மாவிடம் சொன்னாள். அது சுத்தப் பொய். தெரிந்தேதான் அழுத்தினாள்.

"ஹலோ. யார் பேசறது?"

ஆண் குரல். மெத்தென்ற, மரியாதையான குரல்.

"யாருங்க? இப்பதானே இந்த நம்பருக்கு இங்கேர்ந்து கால் போயிருக்கு?"

"தையல்கடைலேர்ந்து பேசறேன் சார்" என்றாள். வேறு எந்தக் கடையும் வாயில் வரவில்லை. "அம்மா குடுத்த துணி விஷயமா."

"துணியா? என்ன துணி?"

"ஒரு சின்ன சந்தேகம் சார். அவங்ககிட்டதான் கேக்கணும்."

"எந்தக் கடை? எங்க இருக்கு?"

சொன்னாள். இல்லாத கடையைச் சொல்ல அந்த நேரத்தில் மூளை வேலை செய்யவில்லை. பெயர், தெரு, எதிரே உள்ள பேக்கரி உட்பட எல்லாவற்றையும் ஒழுங்காக ஒப்பித்தாள்.

"நல்லது" என்றார் அவர். "சாயங்காலம் நாங்களே வர்றோம்."

நர்ஸம்மா மாடியேறி வந்தபோது அக்கா பேயறைந்த மாதிரி நின்றிருந்தாள். நர்ஸம்மா திட்டவில்லை. திட்டியிருந்தாலாவது தேவலை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "என்ன பேசினீங்க? ஒரு வார்த்தை விடாம சொல்லுங்க" என்றார்.

சொன்னாள்.

"துணின்னு மட்டும்தான் சொன்னீங்களா? கவுன், பாவாடை, நிறம் எதுவும் சொல்லலையே?"

"இல்ல."

"அந்த மட்டுக்கும் பிழைச்சோம். இப்ப அந்த வீட்டுல அவளை உட்கார வச்சுக் கேள்வி கேட்டுட்டு இருப்பான். அவ என்ன சொல்லிச் சமாளிக்கறாளோ, சாயங்காலம் உங்க கடையில அது இருக்கணும். இல்லேன்னா வீட்டுக்குத் திரும்பினதும் அவளுக்கு என்ன நடக்கும்னு நான் சொல்ல வேண்டியதில்ல."

"போலீஸுக்குச் சொல்லிடலாமா?"

"பேரு தெரியாது, வீடு தெரியாது. அவ கேக்கவும் இல்ல. முதல்ல இந்தச் சாயங்காலத்தைத் தாண்டுவோம். கடைக்கு நானும் வர்றேன்."

அக்கா கடைக்கு ஓடினாள். ஒரு பெண் தையல்கடையில் கொடுத்தது பெண்கள் உடுப்பாகத்தானே இருக்கும்? அலமாரியில் இருந்த கருநீலத் துணியை இழுத்துப் போட்டாள். அளவு? யாருடைய அளவு? காதில் விழுந்த ஒரு குரலை வைத்து உடம்பை எப்படி அளப்பது? ஒல்லியாகத்தான் இருப்பாள் என்று ஏனோ தோன்றியது. பிறந்ததிலிருந்து அளவில்லாமல் துணியில் கத்தரி வைக்காதவள் அன்று வைத்தாள். கை தைக்கும்போது முழுக்கை தைத்தாள். கழுத்துக்கு உயரப் பட்டை வைத்தாள். யாரும் சொல்லவில்லை, கை அப்படிப் போயிற்று. வீட்டுக்காரர் இஸ்திரிப் பெட்டியோடு பக்கத்தில் நின்றார். அவரிடம் விஷயத்தை நாலு வரியில் சொல்லியிருந்தாள். அன்றைக்கு அவர் ஒரு ஜோக்கும் அடிக்கவில்லை.

வெயில் தாழும் நேரம் அவர்கள் வந்தார்கள். நர்ஸம்மா மூலை நாற்காலியில் வாடிக்கைக்காரிபோல உட்கார்ந்து பத்திரிகை புரட்டிக்கொண்டிருந்தார்.

அந்த மனிதர் மடிப்புக் கலையாத உடையில், தலை வாரி, கடைக்குள் நுழையும்போதே வணக்கம் சொல்லும் ஆள். அவர் கை மனைவியின் முழங்கைக்குக் கொஞ்சம் மேலே இருந்தது. பார்ப்பவர்களுக்கு அன்பாகப் பிடித்திருக்கிறார் என்றுதான் தோன்றும். அவள் அக்கா நினைத்ததைவிட உயரம். அக்காவைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்தாள்.

அக்கா கருநீலக் கவுனை எடுக்கக் கம்பிப் பக்கம் கையை நீட்டினாள்.

"எங்கே என் சட்டை?" என்றார் அவர். சிரித்தார். "எனக்குத் தெரியாம சட்டை தைக்கக் குடுத்திருக்காளாம். என்ன துணின்னு கேட்டா, பார்த்தாத் தெரியும், இப்பவே சொல்லிட்டா என்ன சந்தோஷம்ங்கறா. வெளியில பெண்கள் தையலகம்னு போர்டு போட்டிருக்கீங்க?"

அக்காவின் கை அந்தரத்தில் நின்றது. கெட்டிக்காரி, கெட்டிக்காரி என்று உள்ளே ஒரு குரல் அந்தப் பெண்ணை மெச்சியது. நீ தொலைந்தாய் என்று இன்னொரு குரல் சொன்னது. சட்டைத் துணிக்கு எங்கே போவது?

"தெரிஞ்சவங்களுக்கு ஆம்பளைச் சட்டையும் தைக்கறதுதான் சார்" என்றார் அக்காவின் வீட்டுக்காரர். இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு மேல் அலமாரியைத் திறந்தார். "என் சட்டை யார் தைச்சதுங்கறீங்க? இதோ, உங்க துணி."

இளஞ்சாம்பல் நிறத்தில் மெல்லிய கோடு போட்ட துணி. அவருக்காக அக்கா வாங்கி வைத்தது. நாளைக்குத் தைக்கிறேன், நாளைக்குத் தைக்கிறேன் என்று ஏமாற்றிக்கொண்டே இருந்தாள். அதற்காக அவர் போடாத சண்டை இல்லை. இப்போது அதை இரண்டு கையாலும் எடுத்து அந்த ஆளிடம் நீட்டினார்.

அவர் துணியைத் தடவிப் பார்த்தார். "இதுதானா?" என்று மனைவியைக் கேட்டார்.

"இதேதான்" என்றாள் அவள்.

"அப்ப எதுக்குப் போன்?"

"அளவு இல்லாம எப்படி சார் வெட்டறது?" அக்காவுக்கு ஒருவழியாகக் குரல் வந்தது. "உங்க பழைய சட்டை ஒண்ணு கொண்டு வரேன்னாங்க. காணலியேன்னு கூப்பிட்டேன்."

"நானே வந்துட்டேன். எடுங்க."

அக்கா நாடாவை எடுத்தாள். தோள், மார்பு, கை. அந்த மணிக்கட்டைச் சுற்றி நாடாவைக் கொண்டுபோனபோது இந்தக் கைதானே என்று நினைப்பு வந்தது. கழுத்தை அளக்கும்போது அவர் கண்ணை மூடவில்லை. எதிரே இருந்த கண்ணாடியில் மனைவியையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணாடி இருக்கும்வரை நர்ஸம்மாவால் அந்தப் பெண்ணிடம் ஒரு முணுமுணுப்புக்கூட விட முடியாது.

அளவு முடிந்தது. முடிந்தால் போய்விடுவார்கள். போனால் அவ்வளவுதான்.

அந்தப் பெண் முதல் தடவையாக நிமிர்ந்தாள். "அக்கா, தைக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவ போட்டுப் பார்க்கணும்ல? பார்க்காம தைச்சா இவருக்குத் திருப்தியா இருக்காது."

"அதெல்லாம் நம்ம கடையில..." என்று அக்காவின் வாய், இத்தனை வருஷப் பெருமையோடு, கிளம்பிவிட்டது. நல்லவேளை, மூலையில் பத்திரிகை தொப்பென்று கீழே விழுந்தது. நர்ஸம்மா குனிந்து எடுத்தார். "...நம்ம கடையில அதுதான் சார் முக்கியம்" என்று அக்கா முடித்தாள். "ட்ரையல் பார்க்காம நான் ஊசியே தொடமாட்டேன். வியாழக்கிழமை வாங்க."

சட்டை சரியாக அமைய வேண்டும் என்பதில் அந்த மனிதருக்கு அக்கறை இருந்தது. வருகிறோம் என்றார்.

மறுநாள் மாடியில் போன் அடித்தது. நர்ஸம்மாதான் எடுத்தார். அக்காவும் பக்கத்தில் இருந்தாள். செவ்வாய்க்கிழமை இல்லாவிட்டாலும் அவளால் வீட்டில் இருக்க முடியவில்லை.

"தையல்கடைங்களா? நாளைக்குச் சட்டை போட்டுப் பார்க்க வரலாம்ல?" அதே பெண். பின்னால் தொலைக்காட்சிச் சத்தம்.

நர்ஸம்மா மெதுவாகப் பேசினார். "பக்கத்துல இருக்காருன்னு தெரியுதும்மா. நான் கேக்கறதுக்கு ஆமா, இல்லன்னு மட்டும் சொன்னாப் போதும். குழந்தைங்க இருக்கா?"

"இல்ல, பாக்கெட் வேண்டாம்."

"நாளைக்குப் பேக்கரி வாசல்ல வெள்ளைக் கார் நிக்கும். நேத்து மூலையில பத்திரிகை புரட்டிட்டிருந்தது நான்தான், நாளைக்கும் அதே நாற்காலியில இருப்பேன். நான் உங்களைக் கூப்பிடமாட்டேன். நீங்களா எழுந்தீங்கன்னா நானும் எழுந்திருப்பேன். எழலேன்னாலும் தப்பே இல்ல, இன்னொரு நாள் பார்த்துக்கலாம். புரிஞ்சுதா?"

"புரியுது. கழுத்து மட்டும் நல்லாப் பார்த்துத் தைக்கச் சொல்லுங்க" என்றாள் அவள். போனை வைத்துவிட்டாள்.

அன்று குடைகளும் மின்விசிறியும் வெளியேறின. பெரிய கண்ணாடி திரைக்குள்ளே போயிற்று. அக்கா சட்டையை வெட்டி, பெரிய பெரிய தையலாக ஓட்டி, வேண்டுமென்றே தோளை அகலமாக, கழுத்தைக் கோணலாக வைத்தாள். தன் கையால் ஒரு துணியைக் கெடுப்பது அவளுக்கு வலித்தது. வராமல் போய்விட்டால்? வந்து எழுந்திருக்காமல் போய்விட்டால்? நாம் இழுக்கக் கூடாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். இழுத்துக்கொண்டு ஓடிவிட வேண்டும் என்றுதான் உடம்பு பரபரத்தது.

வியாழக்கிழமை வந்தார்கள். அக்கா அவரைத் திரைக்குள் அழைத்துப்போய்ச் சட்டையை மாட்டிவிட்டாள்.

"என்னங்க இது, இப்படித் தொங்குது?"

"அதுக்குத்தான் சார் ட்ரையல். கையைத் தூக்குங்க. அசையாதீங்க, குண்டூசி குத்தும்."

அக்குளில் ஓர் ஊசி. விலாவில் வரிசையாக. தோளில், முதுகில், கழுத்தைச் சுற்றி. இவ்வளவு ஊசியை அக்கா வாழ்நாளில் ஒரு துணியில் குத்தியதில்லை. அவர் கைகளை விரித்துக்கொண்டு நின்றார்.

"ஏய், இருக்கியா?" என்று வெளியே பார்த்துக் குரல் கொடுத்தார்.

"இருக்கேன்."

எழவில்லை. அவள் எழவில்லை. இன்னும் ஓர் ஊசி குத்தினாள். வெளியே இஸ்திரிப் பெட்டி புஸ்ஸென்று ஆவி விட்டது. வீட்டுக்காரர் எதையோ தேய்க்கத் தொடங்கியிருந்தார்.

"அவளை உள்ளே கூப்பிடுங்க. அவ பார்க்கட்டும்."

அக்காவின் உதடுகளுக்கிடையில் நாலைந்து குண்டூசிகள் இருந்தன. வாயில் ஊசி இருக்கும்போது தையல்காரி பேச முடியாது என்பது உலகத்துக்கே தெரியும். அவள் தலையை மட்டும் ஆட்டினாள். ஒவ்வொன்றாக எடுத்து மெல்ல மெல்லக் குத்தினாள். மறுபடி ஆவி. அதற்கு நடுவில் கடைக்கதவின் கீல் லேசாக முனகிற்று. காற்றாக இருக்கலாம். காற்றாக இருக்கக் கூடாது என்று அக்கா வேண்டிக்கொண்டாள்.

"ஏய்!"

பதில் இல்லை.

"ஏய், உன்னைத்தான்!"

அவர் திரும்பினார். விலாவில் குத்தியது. சட்டையைக் கழற்றப் பார்த்தார், எல்லாப் பக்கமும் குத்தியது. திரையைப் பிய்த்துக்கொண்டு வெளியே வந்தபோது நாற்காலிகள் காலியாக இருந்தன. அக்காவின் வீட்டுக்காரர் இஸ்திரி மேசையைக் கதவுக்கும் அவருக்கும் நடுவே வைத்துக்கொண்டு நின்றார். எதிரே பேக்கரி வாசலிலும் கார் இல்லை.

"எங்கேடி அவ?" மெத்தென்ற குரல் போன இடம் தெரியவில்லை.

அக்கா திரைக்குப் பின்னாலிருந்து வந்தாள். "எனக்கென்ன சார் தெரியும்? இவ்வளவு நேரமும் நான் உங்ககூடத்தானே உள்ளே இருந்தேன்?"

அவர் சட்டையைக் கிழித்துப் போட்டுவிட்டு, ஒரு நாற்காலியை உதைத்துத் தள்ளிவிட்டு ஓடினார். மறுநாள் வந்து கத்தினார். அதற்கு மறுநாளும் வந்தார். பேக்கரிக்காரரும் தெருவில் இன்னும் நாலு பேரும் கடை வாசலில் வந்து நின்றதும் வருவது நின்றது. அதற்கப்புறமும் நெடுநாள் கதவு திறக்கும் சத்தம் கேட்டாலே அக்காவின் கையில் ஊசி குத்தியது. கருநீலக் கவுன் கம்பியில் இல்லாததை அவள் இரண்டு நாள் கழித்துத்தான் கவனித்தாள். "நர்ஸம்மாதான் பையில வச்சுக்கிட்டாங்க. மாத்து உடுப்பு இல்லாமத்தானே வருவா அந்தப் பொண்ணு" என்றார் வீட்டுக்காரர்.

அவள் எங்கே இருக்கிறாள் என்று நர்ஸம்மா சொல்லவில்லை. அக்காவும் கேட்கவில்லை. கேட்கக் கூடாது என்பதும் விதிகளில் ஒன்று. ஆனால் போனைப் பார்க்கும்போதெல்லாம் அந்த எண்ணை அழுத்திய விரல் ஊறியது. திரும்பிப் போய்விட்டாளோ? கண்டுபிடித்துவிட்டானோ? செவ்வாய்க்கிழமைகளில் இரண்டு கையையும் மடியில் கோத்து வைத்துக்கொண்டு போன் முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

அப்படி ஒரு செவ்வாய்க்கிழமை போன் அடித்தது.

"ஹலோ, சொல்லுங்க."

"தையல்கடை அக்காவா?"

அக்கா எழுந்து நின்றுவிட்டாள். "ஆமாம்மா" என்றாள்.

"அந்தக் கவுன் போட்டுக்கிட்டேன். தோள் கொஞ்சம் பெரிசு."

"அளவு எடுக்காம தைச்சதும்மா. என் மேலதான் தப்பு."

"பரவாயில்ல. இன்னொண்ணு கேக்கணும்." அந்தப் பெண் தயங்கினாள். "கை முழுசா இருக்கு, கழுத்தும் உசரமா இருக்கு. இங்க வெயில் ஜாஸ்தி. இப்ப எனக்கு அது தேவைப்படாது. வெட்டிக்கலாமா?"

அக்கா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"வெட்டிக்கோம்மா" என்றாள். "நல்லா மேல வரைக்கும் வெட்டிக்கோ."